முப்பத்தோராவது இறங்குகலம்

செவ்வாய்க் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு விண்பொறியியல் செய்முறைத் தேர்வு மிகச் சுலபம். மாணவர் தம் கையால் கட்டிய இறங்குகலத்தில் ஏறி, இருநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பள்ளி மைதானத்தில் இறங்க வேண்டும். உயிரோடு இறங்கினால் தேர்ச்சி. ஓர் உதிரிபாகம் பூமியிலிருந்து வந்து சேர ஒன்பது மாதமாகும். கைவேலை தெரியாதவர் இங்கே பிழைக்க முடியாது என்று முதலில் குடியேறியவர்கள் வைத்த விதி அது.

எண்பது ஆண்டுகளாக ஒருவரும் தேறாமல் போனதில்லை. பள்ளி வாசலிலேயே கடை இருந்தது. பொறிமனிதர்கள் கட்டிய கலம் அங்கே கிடைக்கும். கூடவே, மாணவரின் கையெழுத்திலேயே எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டும். பெற்றோர் நிம்மதியாக இருந்தார்கள்.

செண்பகவல்லிக்குத்தான் நிம்மதியில்லை. மகள் அமிழ்தினி எட்டு மாதமாக வீட்டு வாசல் காற்றறையில் உட்கார்ந்து, தன் கலத்தைத் தானே பற்றவைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கடையிலதானடி வாங்குறாங்க? உனக்கு மட்டும் என்ன வந்துது? ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும்."

தேர்வு நாளில் முப்பது கலங்கள் ஒவ்வொன்றாக, மைதானத்தில் வரைந்திருந்த வட்டத்தின் நடுவில் அலுங்காமல் இறங்கின. கடைசியாக வந்தது அமிழ்தினியுடையது. பாதி வழியில் ஓர் உந்துகுழல் அணைந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செண்பகவல்லி அலறிவிட்டாள். உள்ளே அமிழ்தினி கட்டுப்பாட்டுப் பலகையைப் பிரித்து, அறுந்த கம்பியை விரலால் முறுக்கிச் சேர்த்தாள். கலம் தொண்ணூறு மீட்டர் தள்ளி, ஒரு காலை மடக்கிக்கொண்டு இறங்கியது. அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவ்வளவு பெருமை அவளுக்கு.

பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் ஞானசிகாமணி, கலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"நான்தான் சார்."

"பொய் சொல்லாத. முப்பது பேரு சொந்தமா செஞ்சிருக்காங்க, அத்தனையும் ஒரே மாதிரி இருக்கு. உன்னோடது மட்டும் வேற மாதிரி இருக்குன்னா, எங்கேயோ பாத்துக் காப்பியடிச்சிருக்கேன்னுதானே அர்த்தம்?"

அவள் ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். அதில் அடித்தல் திருத்தல் வேறு இருந்தது. அவர் சந்தேகம் தீர்ந்தவராக, முறைகேடு என்று எழுதிப் பூஜ்யம் போட்டார்.

அடுத்த மாதம் மறுதேர்வு. செண்பகவல்லி யாரையும் கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போனாள். அமிழ்தினி ஒரு திருகைக்கூடத் தொடாமல், கைகட்டி உட்கார்ந்தபடி வட்டத்தின் நடுவில் வந்து இறங்கினாள். அழுது கண்கள் வீங்கியிருந்தன.

ஞானசிகாமணி பூரித்துப்போனார். நூற்றுக்கு நூறு போட்டு, அவளிடம் சொன்னார்:

"பாத்தியாம்மா, சொந்தமா செஞ்சா எவ்வளவு நல்லா வருது!"