இல்லாத ஒரு ‘ஜி’

ஆவடியில் ரயில் ஏறி, குடையை மடக்கிவிட்டுத் திரும்பிய வசந்தகுமாரிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. சீட்டில் அவள் வைத்த ஃபிலிம் உறையை ஜன்னலில் பிடித்து, மழைச்சாரலை மறைத்துக்கொண்டிருந்தான் ஒருவன்!

“ஹலோ... அது என்னோடது!”

“சாரிங்க... சாரல் அட்ச்சிச்சு. எக்ஸ்ரேவா? யாருக்கு இன்னா ஒடம்புக்கு?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. நெற்பயிரைக் கருக்குற கிருமியோட மரபணு. இதைப் படிச்சாத்தான் அது செய்யற புரோட்டீன் எதுன்னு தெரியும்.”

சிரித்தான். பாவி, கண்ணாலேயே சிரிக்கிறானே... கொரட்டூரில் இறங்கி, பாடிப் பட்டறையில் லேத் வேலை; பெயர் கஜபதி. அப்புறம் தினமும் எதிர் சீட்டில் அவன்தான்.

ஃபிலிமில் கறுப்புக் கோடுகள்; ஒரு கோடு என்பது ஏ, டி, ஜி, சி நான்கில் ஓர் எழுத்து. ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதுவது ஆய்வக வழக்கம். வாசிக்கும் தோழி கல்யாணமாகிப் போய்விட, ரயிலிலேயே கஜபதி வாசித்தான், கீழிருந்து மேலாக... “ஏ... டி... ஜி...”

“மூணு எழுத்துக்கு ஒரு மணின்னு கோத்த மாலைதான் புரோட்டீன். எங்கேயோ ஒரு எழுத்தை விட்டிருக்கேன். அதுலேர்ந்து எல்லாமே தப்பாகி, புரோட்டீன் பாதியில நின்னுடுது. இந்த மாசம் சரி பண்ணலேன்னா எங்க கைடு சார் இதை வேற ஆளுக்குக் குடுத்துடுவார்...” அவள் கண்கள் கலங்கின.

மறுநாள் கஜபதி கூவினான். “ஜி... இன்னொரு ஜி!”

எழுத்துகள் மூன்று மூன்றாகப் பொருந்தின... முழுப் புரதம்! துள்ளலோடு ஃபிலிமை வாங்கிப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு கோடு.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“ஒங்க மொகம் வாடுனா எனுக்குத் தாங்கலீங்க...”

“இல்லாத எழுத்துல செஞ்ச புரோட்டீன் எனக்கு வேணாம். இனிமே எங்கூடப் பேசாதீங்க!”

மகளிர் பெட்டிக்கு மாறினாள். ஆய்வகத்தில், கோடுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லை மறுபடி ஊற்றினாள். சொதப்பியது. ரசாயனத்தை மாற்றி மறுபடியும் ஊற்றினாள். விடுவதாக இல்லை.

மாதக் கடைசியில், பழைய ஃபிலிமோடு அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள். “வாசிங்க.”

திருதிருவென்று விழித்தான். ஆனாலும் நிதானமாக வாசித்தான்... ஓரிடத்தில் நின்றான். அம்பத்தூர் தாண்டியும் ஃபிலிமை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இங்க ஒரு கோடா, ரெண்டா... சத்தியமா தெர்லீங்க. ஒங்களுக்கு வேணும்னாலும் இல்லாதத இருக்குன்னு சொல்ல மாட்டேன்.”

அவள் புது ஃபிலிமை எடுத்துக் காட்டினாள். ஒட்டிக் கிடந்தவை அதே இடத்தில் பளிச்சென்று பிரிந்திருந்தன. இரண்டு ‘சி’! முழுப் புரதம், பொய்யில்லாமல்.

“கண்டுபுடிச்சிட்டீங்களே... அப்புறம் இன்னாத்துக்கு என்னைப் படிக்கச் சொன்னீங்க?”

“கல்யாணத்துக்கு அப்புறமும் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்ற ஆளான்னு பாக்கத்தான்...” அவள் முகம் சிவந்தது.

கொரட்டூரில் அவன் இறங்கவில்லை.

“ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியுங்க, எழுதிக்குங்க... ஒங்களை எனுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.”