இருபத்திரண்டாவது தையல்

இருபத்தொரு தையல் போட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, உடுப்புக்கார அக்கா முன்பக்கம் வந்து நின்ற பிறகும் ஆட்டக்காரியின் முதுகில் ஊசி நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, இன்னும் தைக்கிறீங்களா?"

"என் ரெண்டு கையும் உன் கண்ணு முன்னாடிதானே இருக்கு? பயத்துல உளறாத."

பத்தே பேர் கொண்ட பாலே குழு. ஜிப் அறுந்த சட்டைக்கு மாற்றுச் சட்டை கிடையாது. ஆளை உள்ளே நிறுத்தித் தைப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் வெட்டி எடுப்பார்கள். நான்கு வருடம் பின்வரிசையில் மரமாகவும் அலையாகவும் நின்றவளுக்கு நாயகி வேடம் கிடைத்ததே அந்தச் சட்டையால்தான். "இதுக்கு ஏத்த இடுப்பு உனக்குத்தான் இருக்கு" என்றார் இயக்குநர், ஏதோ பட்டம் கொடுப்பதுபோல. முன்பு அதைப் போட்டு ஆடியவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். சுவரில் அவளுடைய படம் மட்டும் மிச்சம். உதடுகளை இறுக மூடிய சிரிப்பு.

சட்டைக்குள்ளிருந்து பவுடரோடு கலந்து வியர்வை வாடை எழுந்தது. இவளுடைய வியர்வை இல்லை. ஆனாலும் துணி ஈரமாக, இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல் உடம்புச் சூட்டோடு இருந்தது.

"அவுத்துடுங்கக்கா. என்னமோ சரியில்ல."

"முதல் மணி அடிச்சாச்சு. உங்கம்மா புதுச் செருப்பு போட்டு முன்வரிசையில உக்காந்திருக்காங்க. இப்ப அவுத்தா நாளைக்கு மறுபடியும் மரம்தான்."

மரம். அந்த ஒரு சொல் போதும். திரையோரம் போய் நின்றாள்.

மேடையில் அவள் கையைத் தூக்குமுன் சட்டை தூக்கியது. அவள் திரும்புமுன் அது திருப்பியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குத்து, ஒரு இழுப்பு. முதுகெலும்பு வழியாக மேலே. மேலே.

இடைவேளையில் திரைமறைவுக்கு ஓடினாள். "வெட்டுங்கக்கா!"

கத்தரியின் முனை முதுகில் மேலும் கீழும் தேடியது. நின்றது.

"தையலையே காணோம்டி." அக்கா கத்தரியை இறக்கினாள். "துணி எங்க முடியுது, தோல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல."

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. அப்படியே போ."

போனாள். அவள் இல்லை, கால்தான் போனது.

கடைசி வணக்கம். வெளிச்சம். கைதட்டல். முன்வரிசையில் அம்மா எழுந்து நின்றாள்.

அம்மா என்று கூப்பிட வாயெடுத்தாள்.

ஊசி கழுத்தைத் தாண்டியது. தாடை. கீழுதட்டின் ஓரம். ஒன்று. இரண்டு.

"பாருங்க," அம்மா பக்கத்து இருக்கைக்காரரைப் பிடித்து உலுக்கினாள். "எம்பொண்ணு எப்படிச் சிரிக்கிறா பாருங்க!"