சிவப்புப் பொட்டு வைத்த தோட்டா

ட்ரிங்... ட்ரிங்...

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் காலை ஒன்பது மணி.

ஞானரட்ணம் குளியலறையில் குந்தியிருந்து பழப்புளி கரைத்துக்கொண்டிருந்தார். சமையலுக்கு அல்ல! துப்பாக்கி சுடும் கழகத்தில் பொறுக்கி வந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை மினுக்குவதற்கு. மற்றவர்கள் குத்துவிளக்குக்குச் செய்வதை இவர் தோட்டாவுக்குச் செய்தார். மினுக்கிய கோதில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துச் சுடுவார். குறி மட்டும் ஒருநாளும் பட்டதில்லை.

புளிக்கையோடு போனை எடுத்தார்.

"அங்கிள், நான் பொலிஸ் சாரங்கி கதைக்கிறன். உங்கட கழகத் தலைவர் யோர்கனை ஆரோ சுட்டுக் கொன்றுபோட்டினம்."

"ஐயோ... என்ன பிள்ளை சொல்லுறாய்?!"

"நேற்றுப் பின்னேரம், கழகத்து அறையில. பக்கத்தில ஒரு கோது கிடந்தது. வெள்ளி மாதிரி மினுங்குது. கோது எண்டால் ஞானரட்ணம் அண்ணையைத்தான் கேக்க வேணும் எண்டு டெனிஸ்ரன் சொன்னவர். இப்ப வரட்டோ?"

டெனிஸ்ரன் கழகத்தில் இருந்த மற்றத் தமிழர். யோர்கனோ, மழைநாளில் ஞானரட்ணத்தை வீடுவரை காரில் கொண்டுவந்து விடுகிற மனிதர். ஞானரட்ணத்துக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

கண்ணைத் துடைத்துவிட்டு அவர் செய்த முதல் வேலை... கோட் போட்டதுதான்! மகளின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்றாள் மனைவி சுசீலாதேவி. முதியோர் இல்லத்தில் அவளுக்கு அன்று லீவு.

"பொலிஸ் என்னட்டை ஆலோசனை கேக்க வருது!"

"அப்ப கோட்டுக்குக் கீழை இருக்கிற சாரத்தை மாத்துங்கோ."

அரைமணி நேரத்தில் சாரங்கி வந்தாள். டென்மார்க்கில் பிறந்தவள் என்றாலும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கோது இருந்த பிளாஸ்டிக் உறையையும் ஒரு சோடிக் கையுறையையும் மேசையில் வைத்தாள்.

ஞானரட்ணம் கோதை எடுத்தார். மணந்து பார்த்தார். கண்ணை மூடினார்.

"முதலாவது! இதைப் பழப்புளி போட்டு மினுக்கியிருக்கு."

"பழப்புளியோ? டென்மார்க்கில ஆர் அங்கிள் அப்பிடிச் செய்யிறது?"

"ஆரோ தமிழன்! சந்தேகமே வேண்டாம்!"

குளியலறையிலிருந்து புளி வாசம் மெல்ல வந்தது. சாரங்கி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நிபுணர் பார்க்கவில்லை!

"இரண்டாவது! அடியில சிவப்புப் பொட்டு. நகப்பூச்சு. ஒவ்வொரு கோதுக்கும் பார்த்துப் பார்த்து அடையாளம் வைக்கிற ஆள். சரியான கெட்டிக்காரன்!"

"அந்த யன்னலில இருக்கிற நகப்பூச்சுப் போத்தல் ஆற்றை, அங்கிள்?"

ஞானரட்ணம் யன்னலைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். கோதைப் பார்த்தார்.

கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. பத்தே நிமிடத்தில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார். அது அவரேதான்!

"அங்கிள்... நேற்றுப் பின்னேரம் எங்கை நிண்டனீங்கள்?"

"குளியலறையில. புளி கரைச்சுக்கொண்டு."

"சாட்சி?"

"இவ வேலைக்குப் போயிட்டா... புளிதான் சாட்சி, பிள்ளை!"

சாரங்கி சிரிக்கவில்லை. "உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டி வரும்" என்றாள்.

கொலைக் குற்றம்! அதுவும் யோர்கனைக் கொன்ற குற்றம்! ஞானரட்ணம் சட்டைப் பையிலிருந்து நூலில் கட்டிய காந்தத்தை எடுத்தார். பழக்கதோஷம்.

கோதின் வாய்ப்பக்கம் காந்தம் ஒட்டியது. அடிப்பக்கம்... ஒட்டவில்லை!

"பிள்ளை! இது நான் மினுக்கின பிறகு கழிச்ச கோது!"

"விளங்கேல்லை."

"நிக்கல் பூசின பித்தளைக் கோதும் இப்பிடித்தான் மினுங்கும். அதில காந்தம் ஒட்டாது. திரும்பப் பாவிக்கலாம். இது வேறை சாதி. மேல்பக்கம் உருக்கு, அடி அலுமினியம். இரண்டையும் பொருத்திப் பூச்சுப் போட்டிருக்கு. மருந்து வைக்கிற என்ர மெசினில குடுத்தால் இரண்டாக் கழண்டுபோடும். சிவப்புப் பொட்டு வைச்சால் பாவிக்காதே எண்டு அர்த்தம்!"

"அது நீங்கள் சொல்லுற கதை."

"அப்ப அடியைப் பார்! துப்பாக்கி ஊசி குத்தின குழிக்குள்ளையும் நகப்பூச்சு நிரம்பிக் கிடக்கு. ஒரு கீறல் இல்லை. பொட்டு வைச்ச பிறகு சுட்டிருந்தால் ஊசி பூச்சை உடைச்சிருக்குமெல்லோ? இது எப்பவோ வெடிச்ச கோது. ஆரோ கொண்டுவந்து போட்டிருக்கினம்!"

சாரங்கி கோதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"யா... சரிதான். கழிச்ச கோதுகள் எங்கை இருக்கு?"

"கழிச்சது குசினித் தட்டில. நல்லது குசினி மேசையில. இரண்டும் ஐஸ்கிரீம் டப்பாவில."

தட்டில் டப்பாவைக் காணவில்லை!

சுசீலாதேவி யோசனையோடு பிரீசரைத் திறந்தாள். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். உள்ளே உறைந்துபோன நண்டுக்கால்கள்!

"ஐயோ! இந்த நண்டுக்கறியைச் சனிக்கிழமை டெனிஸ்ரனுக்கெல்லோ குடுத்தனான்! அப்ப அந்த மனுசன் எதைக் கொண்டு போனது?!"

"டப்பாவைத் திறந்து பார்த்துக் குடுக்கத் தெரியாதோ உமக்கு?!" ஞானரட்ணம் பாய்ந்தார்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லையோ, ஆன்ரி?"

"ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தவர், பிள்ளை. 'அக்கா, கறி அந்தமாதிரி! விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டனான்' எண்டவர்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தோட்டாக் கோதைத் தின்று விரல் சூப்பிய மனிதன்!

"கழகத்துத் துப்பாக்கி ஒண்டு காணாமல் போச்சு. டெனிஸ்ரனில சந்தேகம் எண்டு யோர்கன் எங்களுக்கு எழுதினவர்" என்றாள் சாரங்கி மெதுவாக. "டப்பாவைத் திறந்தவுடனை பொட்டைக் கண்டிருக்கிறார். அது உங்கட கையெழுத்து எண்டு நினைச்சு, பழியை உங்களில போட்டிட்டார்!"

அவள் சப்பாத்தை மாட்டினாள். "இந்தக் கறி சாட்சி. கட்டித் தாங்கோ, ஆன்ரி."

"நான் கட்டுறன்! இவவை நம்பேலாது!" ஞானரட்ணமே குசினிக்குள் ஓடி, டப்பாவைப் பையில் போட்டு இறுகக் கட்டிக் கொடுத்தார்.

மத்தியானம்.

ட்ரிங்... ட்ரிங்...

"அங்கிள், டெனிஸ்ரனைப் பிடிச்சாச்சு! துப்பாக்கி கார் டிக்கியில கிடந்தது. எல்லாம் ஒத்துக்கொண்டிட்டார்."

ஞானரட்ணம் கதிரையில் பொத்தென்று இருந்தார். யோர்கனை நினைத்து ஒரு துளி, தன்னை நினைத்து ஒரு துளி. இரண்டும் கோட்டில் விழுந்தன.

"ஆனால் அங்கிள்..."

"சொல்லு பிள்ளை!"

"நீங்கள் கட்டித் தந்த நண்டுக்கறி... கிலுகிலுக்குது!"

ஞானரட்ணத்தின் தலை குசினிப் பக்கம் திரும்பியது. மேசையில் இருந்த நல்ல கோது டப்பாவைக் காணவில்லை. அடுப்பில் ஏதோ கொதித்தது. வாசம் மூக்கைத் துளைத்தது!

சுசீலாதேவி சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டபடி கூப்பிட்டாள்.

"கோட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ நிபுணரே! சாட்சியைச் சுடவைச்சிட்டன்... ஆற முதல் சாப்பிடுவம்!"