அசையாத கணக்குகள்

சமையலறையின் மேல் தட்டில் இருந்த பெரிய குக்கரைக் காணவில்லை. காணவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு பொருளை எடுத்துவிட்டால் அது இருந்த இடமாவது மிஞ்சும். சுற்றிலும் தூசியும் நடுவில் ஒரு சுத்தமான வட்டமுமாக. இங்கே தட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. அவள் ஸ்டூலில் ஏறி நின்று விரலால் தடவினாள். விரல் போன வழியில் ஒரு கோடு விழுந்தது. அந்தத் தட்டை இதுவரை எதுவும் தொட்டதில்லை என்பதுபோல.

"இங்க இருந்த பெரிய குக்கரை எடுத்தீங்களா?" என்று கூடத்துப் பக்கம் குரல் கொடுத்தாள்.

தம்பியைக் கவனித்துக்கொள்ளப் பகலில் வரும் நர்ஸம்மா ஈரத்துணியோடு எட்டிப் பார்த்தார். "எந்தக் குக்கரும்மா? அடுப்புல இருக்கே, அது ஒண்ணுதானே இந்த வீட்டுல."

"பெரிசு. அம்மா காலத்துது. மேல இருக்குமே."

"ஒருத்தர் சாப்பிடற வீட்டுல பெரிய குக்கர் எதுக்கு? என்னைக் கூப்பிடாம கல்யாணம் கில்யாணம் பண்ணப் போறீங்களா?" நர்ஸம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒருத்தர் சாப்பிடுகிற வீடு என்பது உண்மைதான். தம்பிக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். குளியலறையில் மயங்கி விழுந்தவனுக்கு மூளையில் ரத்தம் கசிந்து, அன்றிலிருந்து படுக்கைதான். கண் திறந்திருக்கும், பார்வை கூரையில் நிற்கும். மூச்சை மட்டும் அவனே விட்டுக்கொண்டான். உள்ளே அவன் இருக்கிறானா என்று கேட்டதற்கு டாக்டர், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி மாதிரி ஓர் இடத்தில் சேர்த்துவிடச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கூடத்தை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டு, கதவைத் திறந்தபடி வைத்து, அவன் முகம் தெரிகிற இடத்தில் தன் வேலை மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவனை இழக்கக் கூடாது. அவளுக்கு வேறு பிரார்த்தனை இல்லை.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. ஓயாமல் பேசுவதால் அலுவலகத்தில் ரேடியோ என்று பெயர் வாங்கிய சக ஊழியன்.

"அக்கா, சங்கிலி பறக்குது! நேத்து வரைக்கும் கட்டை வண்டி, இன்னிக்கு ராக்கெட். எல்லாம் உங்க கைங்கரியம்."

அவளுடைய வேலை இதுதான். கிரிப்டோ நாணயம் புழங்கும் பிளாக்செயின் சங்கிலி என்பது எங்கெங்கோ கிடக்கும் ஏராளமான கணினிகள் சேர்ந்து மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஒரு பெரிய கணக்கு. எந்த வாலட்டில், அதாவது யார் கணக்கில், எவ்வளவு இருக்கிறது என்பது எல்லாக் கணினிகளுக்கும் எந்நேரமும் நினைவிருக்க வேண்டும். ஆள் சேரச் சேர நினைவு கனத்தது. கனக்கக் கனக்கச் சங்கிலி ஊர்ந்தது. ஒரு காசு அனுப்பிவிட்டு அது போய்ச் சேருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம் என்று கேலி பேசினார்கள். அவள் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. நெடுங்காலமாக அசையாத கணக்குகளை மறந்துவிடுவது. அழிப்பது அல்ல, மறப்பது. உரியவர் தன் சாவியோடு, தனக்கு மட்டும் தெரிந்த ரகசியக் குறியோடு, வந்து கேட்டால் மறுபடி நினைவுக்குக் கொண்டுவரலாம்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. தூங்குகிற கணக்குகளுக்கெல்லாம் யாராவது பொடிக்காசு அனுப்பிக்கொண்டே இருந்தால் அவை அசைவதுபோலத் தெரியும். அந்த ஓட்டையை அடைத்தவளும் அவள்தான். வெளியிலிருந்து வருவது எதுவும் அசைவில் சேராது. கணக்கு தானாக எதையாவது அனுப்பினால்தான் அது உயிரோடிருப்பதாக அர்த்தம். அந்த விதி இன்று காலையில் அமலுக்கு வந்தது.

"உங்க தம்பி வாலட்டும் போயிருக்குமே அக்கா?" ரேடியோ குரலைத் தணித்துக்கொண்டான்.

"போயிருக்கும். சாவி அவன் தலைக்குள்ள மட்டும்தான இருக்கு."

"சரி விடுங்க. எழுந்து வந்து கேட்டாருன்னா குடுத்திடலாம்."

கதவு வழியாகத் தம்பியைப் பார்த்தாள். போர்வை ஏறியது, இறங்கியது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மாடி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்து கூடத்தின் கோடிவரை போனவள், அங்கே சுவரில் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றாள். படிக்கட்டு இல்லை. இளமஞ்சள் சுண்ணாம்பு பூசிய சுவர் தரையிலிருந்து கூரைவரை ஏறியது. அதில் ஒரு கீறல் இல்லை, ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை. படிக்குக் கீழே பழைய செருப்புகளும் நனைந்த சாக்கும் சேர்ந்து ஒரு புழுங்கிய வாடை எப்போதும் இருக்கும். அந்த வாடையும் இல்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சில்லென்று இருந்தது. அப்பா இறந்த பிறகு மாடிக்கு யாரும் போனதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பி நடந்தபோது இன்னொன்றும் உறைத்தது. சமையலறை சீக்கிரம் வந்துவிட்டது. குழாயைத் திருகுமுன் தண்ணீர் கொட்டியது. விளக்கின் பொத்தானில் விரல் படுமுன் வெளிச்சம் விழுந்தது. கதவுகள் முனகாமல் திறந்தன. ஒரு வீடு நடக்கிறவருக்கு வைக்கும் சின்னச் சின்னத் தாமதங்கள், காலுக்கடியில் பலகை கிறீச்சிடுவது, சன்னல் கொக்கி முரண்டு பிடிப்பது, எல்லாம் போய், தூக்கி வந்த சுமையை இறக்கி வைத்த ஆள்போல வீடு லேசாகிக்கொண்டிருந்தது. அது சொகுசாக இருந்தது. அதுதான் சரியில்லை.

சன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் பூட்டியே கிடக்கும் வீட்டைக் காணோம். அங்கே காலிமனைகூட இல்லை. அதன் இரண்டு பக்கமும் இருந்த தையற்காரர் வீடும் வக்கீல் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல ஒட்டி நின்றன. இரண்டு கூரைகளின் தண்ணீரும் ஒரே குழாயில் இறங்கியது. தையற்காரர் வாசலில் நின்று மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை.

குக்கர். மாடி. பூட்டிய வீடு.

எல்லாம் நெடுங்காலமாக அசையாதவை.

அவள் தம்பியின் அறைக்கு ஓடினாள். ஓட வேண்டிய தூரமே இருக்கவில்லை. அவன் இருந்தான். கண் கூரையில் நிலைத்திருக்க, போர்வை ஏறி இறங்க, அப்படியே இருந்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மருந்து வாடை, பவுடர் வாடை, அவன் தலையின் எண்ணெய் வாடை. எல்லாம் இருந்தன.

கூடத்தில் நர்ஸம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு, எதையோ மறந்துவிட்டவர்போல நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நான் எதுக்கு இங்க வந்தேன்?"

"என்ன கேக்கறீங்க? தம்பியைப் பாத்துக்கத்தான்."

"எந்தத் தம்பி?"

நர்ஸம்மாவின் முகத்தில் கேலியே இல்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலைக் காட்டினாள். நர்ஸம்மா பார்த்தார். அந்தக் கண்கள் கட்டிலின் மேல் ஊர்ந்து, எங்கும் தடுக்காமல், மறுபக்கச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தன.

"ராசாத்தி, தனியா கெடந்து கெடந்து உனக்கு என்னமோ ஆயிடுச்சு. யாராவது சொந்தக்காரங்க வீட்டுல கொஞ்ச நாள் போய் இரு. வெறும் கட்டிலைக் காட்டறியே."

வாசற்கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

அவள் திரும்பினாள். போர்வை, முழங்காலுக்குக் கீழே, தட்டையாக இருந்தது.

கையால் அழுத்தினாள். மெத்தை. வெறும் மெத்தை. போர்வையைத் தூக்கிப் பார்க்க மனம் வரவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவனுடைய வலது கையை மடக்கினாள், நீட்டினாள். இடது கை. மறுபடி வலது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் சொன்னதுபோல விரல் விரலாக மடக்கினாள். அசைகிறான். பார், அசைகிறான். கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். அவள் நெற்றியிலிருந்து வியர்வை அவன் கன்னத்தில் சொட்டியது. இப்படியே விடியும்வரை செய்தால் போதும். நாளையும் செய்யலாம். ஆயுசு முழுக்கச் செய்யலாம்.

அறை மூலையில் அவனுடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. நல்லவேளை, அது இன்னும் இருக்கிறது. ஒரு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தபடி மறு கையை நீட்டிச் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். சக்கரம் கிர்ரென்று ஓடியது. கம்பிகள் மங்கிய வெளிச்சத்தில் ஒரு தட்டாகச் சுற்றின.

ஓசை நின்றது.

அவள் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. உள்ளங்கையில் ஒன்றுமில்லை. மூலையில் சுவரும் சுவரும் சேர்ந்திருந்தன.

வெளியிலிருந்து வருவது சேராது.

கைப்பேசியில் ரேடியோவைப் பிடித்தாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நிறுத்துடா. அந்த விதியை உடனே நிறுத்து."

"என்னக்கா ஆச்சு? எப்படி நிறுத்தறது? எல்லாக் கம்ப்யூட்டரும் ஒத்துக்கிட்டாச்சு. நீங்க வேண்டாம்னாலும் நான் வேண்டாம்னாலும் அது பாட்டுக்கு ஓடும். அதானே இதோட அழகே. நீங்கதான மீட்டிங்ல சொன்னீங்க?"

"என் தம்பி போயிட்டிருக்கான்டா."



"அக்கா, உங்களுக்குத் தம்பி இருக்காரா? சொல்லவே இல்ல?"

கைப்பேசியைக் கீழே போட்டாள். போர்வை இப்போது இடுப்புவரை தட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போது எதுவும் நடக்கவில்லை. இமைத்தால் நடந்தது. கண் எரிய எரிய இமைக்காமல் பார்த்தாள். நீர் கோத்துக்கொண்டு எல்லாம் கலங்கியது. துடைத்தாள். வயிறும் தட்டை.

"டேய். அசைடா. நான் அசைச்சா சேராதுடா. நீயா அசையணும்."

கூரையைப் பார்த்தபடி இருந்தான்.

"ஒரே ஒரு விரல். கண்ணு, ஒரு தடவை இமையேன். வேணும்னு கேளுடா. நீ வந்து கேட்டா குடுத்துடுவாங்க. வாயைத் திறந்து கேளு. அக்கா எழுதினதுதான்டா. அக்கா சொல்றேன்ல."

அவன் உதட்டோரம் ஏதோ துடித்தது. அல்லது அவள் கண்ணீர் துடித்தது. அவன் வலது கையைத் தன் இரு கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். சூடாக இருந்தது. நகம் வெட்டி நாளாகி ஓரங்கள் கூராக இருந்தன. கட்டை விரலின் அடியில் சின்ன வயதில் பட்ட தழும்பு. அதை விடாமல் தடவிக்கொண்டிருந்தாள். தழும்பு. நகம். தழும்பு.

அவள் இரு உள்ளங்கைகளும் ஒட்டிக்கொண்டன.

முகத்தைப் பார்த்தாள். முகம் இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல், தலையணையில் அழுந்தி, கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இமைக்கவே கூடாது என்று நினைத்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. தேடினாள். வீட்டில் கூப்பிட்டது, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டது, அம்மா அதட்டும்போது கூப்பிட்டது. நாக்கு அசைந்தது. ஒன்றும் இல்லை.

இமைத்துவிட்டாள்.

தலையணையில் பள்ளம்கூட இல்லை. உறை சலவைக்குப் போய்வந்ததுபோல விறைப்பாக இருந்தது. எண்ணெய் வாடை இல்லை. மருந்துப் புட்டிகள் இல்லை. மழை நின்றிருந்தது. வீடு, பாரம் எல்லாம் இறங்கி, அவ்வளவு இலகுவாக, அவ்வளவு அமைதியாக.

அமைதி இல்லை.

போர்வை அசைந்தது.

கட்டிலின் நடுவில், ஒன்றும் இல்லாத இடத்தில், துணி மெல்ல மேலே ஏறியது. நின்றது. இறங்கியது. அவள் குனிந்து தலையணைக்கு மேலே கன்னத்தைக் கொண்டுபோனாள். வெதுவெதுப்பான காற்று வந்து பட்டது. பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. அவன் தானாகச் செய்துகொண்டிருந்த காரியம் அது ஒன்றுதான். அதை மட்டும் விதி விட்டுவைத்திருந்தது.

"இருக்கியா?" என்றாள்.

காற்று நின்றது. ஒரு கணம். பிறகு வந்தது, முன்னைவிட வேகமாக. இன்னும் வேகமாக. போர்வை படபடவென்று ஏறி இறங்க, இருட்டில் பயந்துபோய் யாரையோ கூப்பிட முயல்கிறவனுடைய மூச்சாக, வாய் இல்லாமல், அவள் கன்னத்தில் மோதிக்கொண்டே இருந்தது.