போட்டு வாறன்

மடித்து அடுக்கிய கதிரைகளில் ஒன்று மறுபடியும் விரிந்து மண்டபத்தின் நடுவில் நின்றது.

கிருஷ்ணகுமாரி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அதை மடித்தாள். பின்னேரம் மூன்றரைதான், ஆனாலும் டிசம்பர் இருட்டு யன்னல்களை மூடியிருந்தது. நூறு வருட மரக்கட்டடம். நோர்வேப் புறநகர் ஒன்றின் பழைய நகரமன்றம். ஊர்க்கூட்டமும் தேர்தலும் நடனமும் கண்ட அந்தத் தரையில் இப்போது தமிழரின் கலியாணங்கள், சாமத்தியவீடுகள். இன்றைக்குப் பத்மநாதனின் முப்பத்தோராம் நாள். வெஸ்ட்லியில் தனியே இருந்து, இறந்து ஒன்பதாம் நாள் கண்டெடுக்கப்பட்டவர். சாப்பிட வந்தது பன்னிரண்டு பேர்.

இறந்தவரின் நண்பர் தர்மலிங்கம் படையல் இலையைக் காகத்துக்கென்று வெளியே பனியில் வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, கதவைப் பூட்டித் திறப்பைப் பெட்டியிலை போடுங்கோ. செத்தவீட்டுக் காரியம், 'போட்டு வாறன்' எண்டு சொல்லாமல் போங்கோ."

"ஆருக்குத் தம்பி சொல்லுறது? கதிரைக்கோ?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சிரிக்கவில்லை. புருஷன் போய் ஆறு வருடம். வீட்டில் 'வந்திட்டியோ' என்று கேட்க ஒரு குரல் இல்லை. அதனால்தான் துப்புரவு முடிந்து போகும்போதெல்லாம் இந்த வெறும் மண்டபத்திடம் விடைபெறுவாள்.

விளக்கை அணைத்தாள். மர மெழுகு வாசமும் சாம்பிராணியும் கலந்து முகத்தில் படிந்தன. வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"போட்டு வாறன்."

இருட்டுக்குள் கதிரை ஒன்று விரியும் சத்தம்.

திறப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். வாசல் பனியில் இலை இல்லை. 'காகம்தான்.'

ரயிலில் நெரிசல். அவள் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. நோர்வேக்காரர் அப்படித்தான் என்று மனதைத் தேற்றினாள். ஆனால் அந்தப் பக்கத்துத் தோள் குளிரில் விறைத்தது. ரொம்மனில் இறங்கியபோது மர மெழுகு வாசமும் கூடவே இறங்கியது.

வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"வந்திட்டியளோ?"

உள்ளேயிருந்து. ஆண்குரல். நெடுநாள் பேசாத தொண்டை.

கை சுவரைத் தடவியது. விளக்கு.

சாப்பாட்டு மேசையில் படையல் இலை. சோற்றின் மேல் உருகாத பனி. ஒரு பாதி பிசைந்து சாப்பிடப்பட்டிருந்தது. மறுபாதி கை படாமல், அவள் இருக்கும் பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

எதிரே மண்டபத்துக் கதிரை. ஆளில்லை. ஒருவர் மெல்லச் சாய்ந்து உட்கார்வதுபோல் அது முனகியது.