லகரப் பிழை

என் தங்கையின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. மழை விடுவதாக இல்லை. அவள் இறந்தபின் அவ்வீட்டின் சன்னல்களை யாரும் முழுதாகத் திறப்பதில்லை; பட்டப்பகலிலும் கூடத்தில் இருள் தேங்கி நின்றது. குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறியது. எங்கோ ஒரு கம்பி மெல்ல மெல்லக் கருகுவது போன்ற நெடி.

மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியிலிருந்து அது வந்தது.

அங்கேதான் அந்தச் சேமிப்புப் பெட்டி இருந்தது. வீட்டிலுள்ள கைப்பேசிகளும் கணினிகளும் தம் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தாமாகவே அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளே இரண்டு வட்டுகள். ஒன்றில் இருப்பதே மற்றொன்றிலும் இருக்கும். ஆகவே தனியாக நகல் எதுவும் வேண்டியதில்லை என்று தங்கையின் கணவர் அடித்துச் சொல்லிவந்தார். ஒரே பெட்டிக்குள், ஒரே மின்சாரத்தை உண்டு, ஒன்றாகவே மூப்படையும் இரட்டையர் எப்படி ஒருவருக்கொருவர் நகலாக முடியும்? சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்தாதவர்களுக்கு இப்படித்தான் நேரும். ஒரு வட்டு என்றோ செத்துப்போயிருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது மற்றதும் டிக், டிக் என்று இழுத்துக்கொண்டிருந்தது.

தங்கையின் குரல் அந்த வட்டில் மட்டுமே எஞ்சியிருந்தது. மாடிப்படியில் கால் தவறி அவள் விழுந்த அன்று, அவளுடைய கைப்பேசியும் உடன் விழுந்து நொறுங்கிவிட்டது. அப்போது வீட்டில் இருந்தவர் அவள் கணவர் ஒருவரே. நடந்ததை அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

என்னை வரவழைத்தவள் தங்கையின் மகள். அம்மா எப்படிப் பேசுவாள் என்பதே தனக்கு மறந்துகொண்டு வருகிறதென்று தொலைபேசியில் அழுதாள். பெட்டியைத் தொடவே அப்பா விடுவதில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றே நாளைக் கடத்துகிறார், மாமா பக்கத்தில் இருந்தால் மறுக்கமாட்டார் என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளை அவளைத் தடுக்கவில்லை. நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார்.

அவள் தன் மடிக்கணினியில் அம்மாவின் ஒலிப்பதிவுகளைப் படியெடுக்கத் தொடங்கினாள். வட்டு எந்த நொடியும் நின்றுவிடக்கூடும் என்பதால், படங்களையெல்லாம் விட்டுவிட்டு முதலில் குரலை எடுத்தாள். பெட்டியை ஒருமுறை அணைத்தால் அது மறுபடி எழாது என்று இருவரையும் எச்சரித்தாள்.

கோப்புகள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் தங்கையே பெயரிட்டிருந்தாள். ‘பாடி பார்த்தது’. ‘மழையை கேட்டது’. எதிலும் ஒற்றைக் காணோம்! மாண்ட பிறகும் எனக்குச் சினமூட்ட அவளால் முடிந்தது.

ஒற்றாவது பரவாயில்லை. லகரத்துக்கும் ளகரத்துக்கும் அவளுக்கு வேறுபாடே தெரியாது. வெளியூர் போகும்போதெல்லாம் எனக்கொரு செய்தி அனுப்புவாள்: ‘அண்ணா, அவரை பார்த்து கொல்.’ பார்த்துக்கொள் என்பதைத்தான் அந்த அழகில் எழுதுவாள். உன் கணவரைக் கவனிக்கச் சொல்கிறாயா, கழுத்தை நெரிக்கச் சொல்கிறாயா என்று நான் சீறுவேன்.

“புரிஞ்சா போதாதா அண்ணா?” என்று சிரிப்பாள்.

மாப்பிள்ளையும் விடமாட்டார். “என்னைத் தீர்த்துக்கட்ட நாள் குறிச்சாச்சா மச்சான்?” என்பார்.

மகள் முதற்பதிவை ஒலிக்கவிட்டாள். தங்கை பாடினாள், நடுவில் இருமிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள். அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் முகத்தில் மட்டும் ஈரமில்லை.

“போதும்மா. பாட்டு வந்துடுச்சுல்ல, நிறுத்திடு.”

“இன்னும் ஒண்ணு இருக்குப்பா. அம்மா விழுந்த அன்னைக்குப் பதிவாகியிருக்கு.”

அலமாரிக்குள் டிக், டிக் என்ற ஓசை விரைந்தது. அவர் படிக்கட்டை நோக்கி நடந்தார். ஒயரைத் தொடாதீர்கள் என்று மகள் கெஞ்சும்போதே அலமாரியைத் திறந்து அதைப் பிடுங்கிவிட்டார்.

பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

ஓசை அணையவில்லை.

டிக்.

டிக்.

அது பெட்டியிலிருந்து வரவில்லை. பெட்டிக்கு மேலிருந்து வந்தது.

படியிலிருந்து.

யாரோ ஒருவர் ஒவ்வொரு படியாக இறங்குவதுபோல் ஓசை தாழ்ந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளையின் தலைக்கு நேர்மேலே வந்ததும் நின்றது. கருகல் நெடி கூடமெங்கும் கவிந்தது.

மின்சாரமற்ற பெட்டியிலிருந்து கடைசிக் கோப்பு மடிக்கணினிக்கு வந்து சேர்ந்திருந்தது.

‘அவரை பார்த்து கொல்’.

“உங்களைப் பார்த்துக்கச் சொல்லியிருக்காங்கப்பா” என்றாள் மகள், அழுகைக்கிடையே. அவர் ஒயரைக் கையில் பிடித்தபடி அங்கேயே சரிந்து உட்கார்ந்தார்.

என் விரல்கள் பழக்கத்தால் விசைப்பலகைக்குச் சென்றன. பெயரைத் திருத்தினேன்: ‘அவரைப் பார்த்துக்கொள்’. திருத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் வியர்வையில் நனைந்திருந்தார். கண்கள் படியின் உச்சியிலேயே நிலைத்திருந்தன.

மீண்டும் திரையைப் பார்த்தேன்.

மகளின் கைகள் அவள் முகத்தின்மேல் இருந்தன. விசைப்பலகையை யாரும் தொடவில்லை.

‘அவரைப் பார்த்துக் கொல்’.

வாழ்நாளெல்லாம் என் திருத்தம் ஒன்றைக்கூட ஏற்காதவள், ஒற்றுகள் இரண்டையும் ஏற்றிருந்தாள். கொள் என்பதை மட்டும் பிரித்தெடுத்து, லகரத்தைத் திரும்ப வைத்திருந்தாள்.

அது பிழையன்று.

கணினி அந்தப் பதிவை இன்னும் ஒலிக்கத் தொடங்கவில்லை. ஆனாலும் குரல் கேட்டது. படியிலிருந்து, மிக மெல்ல, முன்போலச் சிரிக்காமல்.

“இப்பப் புரிஞ்சுதா அண்ணா?”