கையை எடுக்காதே

கல்லீரல் வழுக்க வேண்டும். ரத்தத்தில் ஊறிய கல்லீரலை உறை போட்ட கையால் பிடிப்பது, தண்ணீருக்குள் சோப்புக் கட்டியைப் பிடிப்பது மாதிரி. இது வழுக்கவில்லை. வலது கை அடியில், இடது கை மேலே, நடுவில் இரண்டாய்க் கிழிந்த சதை. வெடிப்பைச் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள் சின்ன டாக்டர். அடியில் இருந்த கை மட்டும் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா, விட்டுடாத," என்றார் மயக்க டாக்டர், ரத்தப் பையைப் பிழிந்தபடி. "நீ கையை எடுத்தா இந்தப் பொண்ணு போயிடும். நான் பிரஷரைத் தூக்குறேன். பெரிய டாக்டர் வந்து துணி வச்சு அடைச்சுக்குவார்."

"பாப்பான்னு கூப்பிடாதீங்க சார்."

"கோவத்தைப் பாரு! சரிங்க டாக்டரம்மா."

நர்ஸ் அக்கா சிரித்தாள். சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்தவளின் விலாவுக்குக் கீழே, குதிகால் அச்சு ஒன்று நீலமாய்க் கன்றியிருந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று புருஷன் சொல்லியிருந்தான். எந்த மாடிப்படி செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறது?

ரத்தம் உறிஞ்சும் குழாய், ஸ்ட்ராவில் பானத்தின் கடைசிச் சொட்டை இழுப்பதுபோல் கரகரத்தது. கருகிய சதையின் வாடையும் மருந்து நெடியும் முகமூடிக்குள் புகுந்து தொண்டையில் படிந்தன. தலைக்கு மேல் விளக்கு கொதிக்க, அந்த வெளிச்சம் எட்டாத ஆழத்தில், கல்லீரலுக்குப் பின்னால், அவளது சுண்டு விரலை ஏதோ தொட்டது.

குடல் நகர்ந்திருக்கும் என்று நினைத்தாள். குடல் நகரும். ஆனால் குடலுக்கு நகம் இருக்காது.

அது அவள் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாக நுழைந்து, கோத்துக்கொண்டு, இறுக்கியது.

"அக்கா, உள்ள..."

"உள்ள என்னம்மா?"

என்ன சொல்வது? அவள் வீட்டிலிருந்து இதற்கு முன் ஆஸ்பத்திரிக்குள் வந்தவர்களெல்லாம் நோயாளிகளாகத்தான் வந்தார்கள். பயந்துட்டா, இதுக்கெல்லாம் ஒரு தில்லு வேணும் என்று நாளைக்கு ஊரே பேசும். "ஒண்ணுமில்லக்கா."

கையை லேசாகத் தளர்த்திப் பார்த்தாள். குபுக்கென்று ரத்தம் பொங்கியது. மானிட்டர் அலறியது. மறுபடி அழுத்தினாள். ரத்தம் நின்றது. பிடி மட்டும் தளரவில்லை. இழுத்தது. மணிக்கட்டு உள்ளே போயிருந்தது. இப்போது உறையின் விளிம்பு. இப்போது அங்கியின் கை.

பக்கவாட்டுப் பலகையில் கட்டிவைத்திருந்த நோயாளியின் வலது கை அப்போதுதான் கண்ணில் பட்டது. தசையெல்லாம் மருந்தில் செத்துக் கிடக்க வேண்டிய கை. இறுக மூடியிருந்தது. உள்ளே பிடி இறுகும்போதெல்லாம் அதுவும் இறுகியது.

கதவைத் தள்ளிக்கொண்டு, கழுவிய கைகளை உயர்த்தியபடி பெரிய டாக்டர் வந்தார். நர்ஸ் அக்கா அங்கியும் உறையும் மாட்டிவிட்டாள்.

"புருஷன்காரன் வெளிய குழந்தை மாதிரி அழறான். அவ படியில விழுந்ததாவே எழுதிடுங்க. குடும்ப விஷயம், நமக்கெதுக்கு?" என்றார் அவர்.

உள்ளே பிடி விட்டது. சட்டென்று. பலகையில் விரல்கள் மலர்ந்தன.

"தள்ளும்மா. நான் புடிச்சுக்கறேன்." அவள் கைகளுக்குப் பின்னாலேயே அவர் கைகளை நுழைத்தார். அவள் உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வலது கை விரல்கள் தனக்குச் சொந்தமானவையாகவே தெரியவில்லை.

"ஏம்மா, என் விரலை விடு."

அவள் இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

அவர் பார்த்தார். அவளது கைகளை. நர்ஸ் அக்காவின் கைகளை. பிறகு வயிற்றுக்குள்.

"அப்ப இது..."

பலகையில் வலது கை மூடிக்கொண்டது.

"சபாஷ் சார்!" மயக்க டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பிரஷர் ஜம்முனு ஏறுது. கையை மட்டும் எடுத்துடாதீங்க."

பெரிய டாக்டரின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. முழங்கை உள்ளே போனது. அவர் முகம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது.

கதவின் வட்டக் கண்ணாடியில் புருஷனின் முகம், மூச்சு படிய ஒட்டிக்கொண்டு நின்றது.

மறுபக்கப் பலகையில், அதுவரை அசையாமல் கிடந்த இடது கை மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. ஆள்காட்டி விரல் மடங்கியது. நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது.

வா.